மையத்தில் தொடங்கும் பல்

மிக்சி ஜாரைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ஒரு கப்ளர் இருக்கும். வட்டமான சிறு வில்லை, அதன் முகத்தில் நாலைந்து பற்கள். மோட்டாரின் மேல்முனையில் அதற்கு இணையான இன்னொரு வில்லை. ஜாரை வைத்து லேசாகத் திருகினால் ஒன்றின் பல் மற்றதன் இடுக்கில் விழுந்துவிடும். சமையலறையில் யாரும் பல்லை எண்ணிப் பார்த்து ஜாரை வைப்பதில்லை. எப்படி வைத்தாலும் உட்கார வேண்டும் என்பதற்காகவே பல்லுக்கும் இடுக்குக்கும் நடுவே தாராளமாக இடம் விட்டிருப்பார்கள். அந்தத் தாராளத்துக்கான விலைதான் ஸ்விட்சைப் போட்டதும் வரும் 'கடக்' சத்தம்.

பொறியியலில் பல் என்றதும் நம் நினைவுக்கு வருவது சக்கரத்தின் விளிம்பில் இருக்கும் பல். பவானியில் ஜமக்காளம் நெய்யும் குழித்தறியில், நெய்த துணியைச் சுற்றிக்கொள்ளும் படமரத்தின் முனையில் ஒரு பல்சக்கரம் உண்டு. நெசவாளர் துணியைச் சுற்றி இறுக்கியதும் ஒரு கொக்கி அதன் பல்லில் விழுந்து, பாவின் இழுவை தளராமல் பிடித்துக்கொள்ளும். அந்தப் பற்கள் வெளியே பார்த்து நிற்பவை. மிக்சி கப்ளரின் பற்களோ உருளையின் தட்டை முகத்தில், வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல நடுவிலிருந்து வெளியே ஓடுபவை. இரண்டு உருளைகளை முகத்தோடு முகம் சேர்த்துப் பூட்டுவதற்கு இவைதான் வேண்டும்.

விளிம்புப் பல்லைக் கணினியில் வரைவது பெரிய வேலையல்ல. பல்லின் குறுக்குவெட்டை ஒரு தாளில் வரைந்து, தடிமன் கொடுத்து, சுற்றிலும் நகலெடுத்தால் முடிந்தது. சக்கரத்தின் ஒரு முகத்திலிருந்து மறு முகம் வரை பல் ஒரே அளவில்தான் இருக்கும். முகப்புப் பல் அப்படியில்லை. வெளிவிளிம்பில் அகலமாக இருக்கும் பல், நடுவை நெருங்க நெருங்கக் குறுகிக்கொண்டே போகிறது. அகலம் குறைந்தால் உயரமும் அதே விகிதத்தில் குறைந்தாக வேண்டும், இல்லாவிட்டால் பக்கச் சரிவின் கோணம் மாறிவிடும். கேட் மென்பொருளில் முதன்முறை இதை வரைகிறவர்கள் பெரும்பாலும் வழுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

எண்களோடு பார்த்தால் தெளிவாகும். 100 மி.மீ. வெளிவிட்டமும் 60 மி.மீ. துளையும் கொண்ட ஒரு வளையம். அதன் முகத்தில் 72 பற்கள். ஒவ்வொரு பல்லும் 60 டிகிரி கூர்கோணமுள்ள முக்கோணம். வெளிவிளிம்பில் ஒரு பல்லிலிருந்து அடுத்த பல்லுக்கு 4.36 மி.மீ. தூரம், பல்லின் முழு உயரம் 3.78 மி.மீ. துளையின் ஓரத்துக்கு வரும்போது தூரம் 2.62 ஆகவும் உயரம் 2.27 ஆகவும் சுருங்கிவிடும்.

இதைத் திரையில் கொண்டுவர முதலில் தோன்றும் வழி இது: வளையத்தின் தட்டை முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு, வெளிவிளிம்பில் ஒரு முக்கோணம் வரைந்து, அதன் மேல்பக்கத்தை முகத்தோடு ஒட்டவைத்து, முகத்தின் நடுப்புள்ளி வரை அதைச் சுருக்கிக்கொண்டே போகும் 'லாஃப்ட்' கட்டளை கொடுத்து வெட்டியெடுத்தல். பிறகு 'சர்குலர் பேட்டர்ன்' கட்டளையில் 72 என்று தட்டினால் திரையில் அழகான பல்வரிசை வந்துவிடும். நிழலும் மினுமினுப்பும் சேர்த்துப் படம் எடுத்தால் யாரும் குறை சொல்ல முடியாது.

இதே போன்ற இன்னொரு வளையத்தைக் கவிழ்த்து மேலே பொருத்திப் பார்க்கும்போது சங்கதி வெளியாகும். இந்த வளையத்தில் பல்லின் உச்சிகள் எல்லாம் ஒரே மட்டத்தில் இருக்கின்றன. பள்ளங்கள் மட்டும் வெளியே போகப் போக ஆழமாகின்றன. கவிழ்த்து வைத்த வளையத்தின் உச்சி, துளையோரத்துப் பள்ளத்தில் 2.27 மி.மீ. இறங்கியதுமே தரைதட்டிவிடும். வெளிவிளிம்பிலோ இன்னும் ஒன்றரை மி.மீ. இடைவெளி பாக்கி இருக்கும். இரண்டு வளையங்களும் உள்விளிம்பில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும், மற்ற இடமெல்லாம் காற்று. இதை இறுக்கி விசை கொடுத்தால் சுமை முழுவதும் அந்த மெல்லிய ஓரத்தில் விழுந்து பல்லை நசுக்கிவிடும்.

கோளாறு பல்லின் உருவத்தில் இல்லை, அதன் புள்ளி எங்கே இருக்கிறது என்பதில். எல்லாக் கோடுகளும் அச்சின் மேல் ஒரு புள்ளியில் கூடவேண்டும் என்பது மட்டும் போதாது. அந்தப் புள்ளி இரண்டு வளையங்களுக்கும் பொதுவானதாக, இரண்டும் பூட்டிய நிலையில் நடுமட்டத்தில் இருக்கவேண்டும். அப்போது பள்ளக் கோடு அந்தப் புள்ளியிலிருந்து கீழே சரியும், உச்சிக் கோடு அதே அளவு மேலே ஏறும். 72 பல், 60 டிகிரி என்றால் அந்தச் சரிவு 2.17 டிகிரி. கண்ணுக்குத் தெரியாத அளவுதான். ஆனால் அதுதான் பல் முழு நீளத்துக்கும் தொடுமா, ஓரத்தில் மட்டும் தொடுமா என்பதைத் தீர்மானிக்கிறது.

இதிலிருந்து இன்னொன்றும் வருகிறது. உச்சிகள் வெளியே போகப் போக ஏறுவதால், பல் வெட்டுவதற்கு முன்பே வளையத்தின் முகம் தட்டையாக இருக்கக்கூடாது. நடுப்பக்கம் தாழ்ந்து விளிம்பு உயர்ந்த, மிகமிக ஆழமற்ற ஒரு தட்டத்தைப்போல அதைக் கடைய வேண்டும். இரண்டு வளையங்களும் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும். ஆண் பெண் என்ற பிரிவினை இல்லை. ஒன்றை அப்படியே கவிழ்த்து அரைப் பல் தூரம் திருப்பினால் மற்றதில் உட்கார்ந்துவிடும். ஒரே மாதிரி, ஒரே நிரல், ஒரே அளவுக் கருவி என்பது பட்டறைக்காரருக்குப் பெரிய லாபம்.

ஆகவே விளிம்பில் முக்கோணத்தை வரைந்து உள்ளே இழுப்பதைவிட, நடுவிலிருந்து கோடுகளை வெளியே விடுவது நல்ல வழி. அச்சின் மேல் ஒரு புள்ளி. அதிலிருந்து 2.17 டிகிரி கீழிறங்கும் ஒரு கோடு, அது பள்ளம். அதற்கு இருபுறமும் 2.5 டிகிரி தள்ளி, அதே அளவு மேலேறும் இரண்டு கோடுகள், அவை உச்சிகள். பள்ளக் கோட்டையும் உச்சிக் கோட்டையும் சேர்த்து ஒரு தளம், மறுபக்கம் இன்னொரு தளம். இந்த இரண்டு தளங்களுக்கு மேலே இருக்கும் ஆப்பு வடிவத்தைத் தட்டம்போல் கடைந்த வளையத்திலிருந்து கழித்து, 72 முறை சுற்றினால் வேலை முடிந்தது. மூன்று கோடுகளும் இரண்டு எண்களும் போதும்.

விளிம்பில் தொடங்குகிறவர்களுக்கு வேறொரு சிக்கலும் காத்திருக்கிறது. உருளையின் மேற்பரப்பு வளைந்தது, ஸ்கெட்ச் வரையும் தளமோ தட்டையானது. 72 பல்லுக்கு வில்லின் நீளத்தையே முக்கோணத்தின் அகலமாகப் போட்டால் வரும் பிழை வெறும் 3 மைக்ரான். அதே 100 மி.மீ. விட்டத்தில் 12 பற்கள் மட்டும் என்றால், வில்லின் நீளம் 26.18 மி.மீ., தொடுதளத்தில் வரவேண்டிய அகலம் 26.79. அடுத்தடுத்த பற்களுக்கு நடுவே அரை மி.மீ.க்கு மேல் ஒரு தட்டைப் பட்டை மிச்சம் நிற்கும். அது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

துளையில்லாத திண்ம உருளையில் இதைச் செய்து பார்க்கிறவர்களுக்கு மென்பொருளே எச்சரிக்கை தரும். சாலிட்வொர்க்ஸ் 'தடிமன் பூஜ்யமான வடிவம்' என்று சொல்லி மறுத்துவிடும். 72 பற்களும் ஒரே புள்ளியில் முடிந்தால் அந்தப் புள்ளியில் பொருளுக்குத் தடிமன் ஏது? நிஜ உலகிலும் இவ்வகைப் பூட்டுகள் எல்லாவற்றிலும் நடுவே துளை இருக்கும். போல்ட் போகவும் எடை குறையவும் அது உதவும் என்பது உண்மைதான். ஆனால் நடுவில் பல் இருந்தாலும் அது எதையும் தாங்கப்போவதில்லை.

இத்தனை வடிவ கணிதமும் கணினி வந்த பிறகு கண்டுபிடித்ததல்ல. மில்லிங் மெஷினில் டிவைடிங் ஹெட் வைத்துப் பல் வெட்டிய தலைமுறைக்கு இது அத்துப்படி. டிவைடிங் ஹெட்டின் கைப்பிடியை 40 சுற்றுச் சுற்றினால் வேலைத்துண்டு ஒரு சுற்றுச் சுற்றும். 72 பல்லுக்கு நாற்பதை எழுபத்திரண்டால் வகுத்தால் ஒன்பதில் ஐந்து பங்கு. 18 துளை வட்டத்தில் பத்துத் துளை தள்ளி ஊசியைக் குத்தினால் அடுத்த பல். இதோடு ஹெட்டின் தலையைச் செங்குத்திலிருந்து எவ்வளவு சாய்க்கவேண்டும் என்பதற்குப் பட்டறைக் கையேடுகளில் ஒரு சூத்திரம் உண்டு: 90 டிகிரியைப் பல் எண்ணிக்கையால் வகுத்து அதன் டேன்ஜென்ட்டை எடுத்து, பல்லின் கூர்கோணத்தில் பாதியின் கோடேன்ஜென்ட்டால் பெருக்கினால் வருவது சாய்வுக் கோணத்தின் சைன். 72 பல்லுக்கு இதைப் போட்டால் அதே 2.17 டிகிரிதான் வரும். 12 பல்லுக்கு 13.18 டிகிரி.

அந்தக் காலத்தில் வரைபடம் போட்டவருக்கு இது தெரியாவிட்டாலும் நட்டமில்லை. 'பல் 72, கோணம் 60' என்று எழுதிக் கொடுத்தால் போதும், மெஷின்காரர் தலையைச் சாய்த்து, 60 டிகிரி கட்டரைப் போட்டு வெட்டிவிடுவார். வடிவத்தின் உண்மை மெஷினின் அமைப்பில் இருந்தது. இன்றைக்குக் கணினி நிரலில் ஓடும் ஒரு வி.எம்.சி. மில்லிங் இயந்திரம் சிறு உருண்டைமுனைக் கட்டரை வைத்து, மாதிரியின் பரப்பை அங்குலம் அங்குலமாகப் பின்தொடர்ந்து அறுக்கிறது. மாதிரியில் உச்சி மட்டமாக இருந்தால் உலோகத்திலும் மட்டமாகவே இருக்கும். இயந்திரம் எதிர்க்கேள்வி கேட்காது. மில்லிங்காரர் கையில் இருந்த அறிவு இப்போது மாதிரி வரைகிறவர் தலைக்கு இடம் மாறிவிட்டது என்பதைப் பயிற்சி மையங்கள் சொல்லிக்கொடுக்கின்றனவா என்பது சந்தேகம்தான். கட்டளைகளை வரிசையாகக் கற்றுத்தருவதில் அவை கெட்டிதான்.

முக்கோணப் பல்லுள்ள இந்த முகப்புப் பூட்டுக்கு ஹிர்த் இணைப்பு என்று பெயர். ஜெர்மானியப் பொறியாளர் ஆல்பர்ட் ஹிர்த் (1858–1935) பெயரால் வந்தது. அவருடைய மகன் ஹெல்முட் ஹிர்த் விமானத் துறையின் முன்னோடிகளில் ஒருவர், இன்னொரு மகன் வுல்ஃப் ஹிர்த் கிளைடர் பறத்தலில் பேர் பெற்றவர். இந்த இணைப்பு முதலில் புகழடைந்தது எஞ்சின்களின் கிராங்க் தண்டில். ஒரே துண்டாக வார்த்த கிராங்க் தண்டில் கனெக்டிங் ராடை மாட்டவேண்டுமானால் ராடின் அடிவளையத்தை இரண்டாகப் பிளந்து போல்ட் போடவேண்டும். உருளை பேரிங் போடுவதற்கு அந்தப் பிளவு இடைஞ்சல். தண்டையே துண்டு துண்டாகச் செய்து, பிளக்காத ராடைக் கோத்து, பிறகு துண்டுகளைப் பல்லால் பூட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. எர்ன்ஸ்ட் ஃபூர்மன் வடிவமைத்து 1953இல் ஓடத் தொடங்கிய போர்ஷேயின் 547 வகைப் பந்தய எஞ்சினில் இருந்தது இப்படிப்பட்ட ஹிர்த் கிராங்க்தான். அரை நூற்றாண்டு கழித்து இத்தாலியின் கம்பக்னோலோ நிறுவனம் சைக்கிளின் இரண்டு கிராங்க் கைகளையும் இணைக்கும் அச்சை நடுவில் இரண்டாக வெட்டி, இதே பல்லால் சேர்த்து, ஒற்றை போல்ட்டால் இறுக்கியது.

அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரத்து கிளீசன் நிறுவனம் 1942இல் வேறொரு தினுசைக் கொண்டுவந்தது. அதன் பெயர் கர்விக். பல் நேர்கோடாக ஓடாமல் நீளவாக்கில் வளைந்திருக்கும். கிண்ண வடிவச் சாணைக்கல்லின் விளிம்பு ஒரே வீச்சில் இரண்டு வெவ்வேறு இடுக்குகளைச் சாணை பிடிக்கும். கல்லின் வெளிப்பக்கம் தேய்த்த பல் உட்குழிந்தும், உட்பக்கம் தேய்த்தது புடைத்தும் வரும். ஒரு வளையத்துக்குக் குழிப்பல், மறு வளையத்துக்குப் புடைப்பல். ஜெட் எஞ்சின்களில் டர்பைன் வட்டுகளை ஒன்றோடொன்று கோக்கும் இடங்களில் இது பரவலாகப் பயன்படுகிறது. கேட் மாதிரி வரைகிறவருக்கு கர்விக் உண்மையில் சுலபம்: சாணைக்கல்லையே ஒரு சுழல்வடிவமாக வரைந்து, வளையத்திலிருந்து கழித்துவிடலாம்.

பவானியிலிருந்து தேசிய நெடுஞ்சாலை 544இல் நூறு கிலோமீட்டர் சொச்சம் போனால் கோவை. அங்கே இந்தப் பல் அன்றாடம் வேலை செய்கிறது, ஆனால் யார் கண்ணிலும் படாது. 1962இல் நூற்பு இயந்திரங்களுக்காகத் தொடங்கிய லட்சுமி மெஷின் ஒர்க்ஸ், 1988இல் இயந்திரக் கருவிப் பிரிவைத் தொடங்கி சி.என்.சி. லேத்துகள் செய்யத் தொடங்கியது. பம்ப், மோட்டார், வாகன உதிரிபாகப் பட்டறைகளில் ஓடும் பெரும்பாலான சி.என்.சி. லேத்துகளைத் திறந்து பார்த்தால் வெட்டுக்கருவிகளைத் தாங்கிச் சுழலும் ஒரு டரெட் இருக்கும். எட்டு அல்லது பன்னிரண்டு கருவிகள். ஒரு கருவி வேலையை முடித்ததும் டரெட் சுழன்று அடுத்ததைக் கொண்டுவரும். ஒவ்வொரு முறையும் கருவியின் முனை அதே இடத்தில் வந்து நிற்கவேண்டும், ஷிஃப்டு முழுக்க, ஆயிரக்கணக்கான முறை.

அந்த நிற்றலைப் பல டரெட்டுகளில் செய்து தருவது இந்த முகப்புப் பல்தான். நல்ல வடிவமைப்புகளில் வளையங்கள் மூன்று. ஒன்று இயந்திர உடம்போடு நிலையாக நிற்பது. அதற்குள்ளே ஒரே மையத்தில் டரெட்டோடு சுழலும் இரண்டாவது வளையம். எதிரே, இரண்டின் அகலத்தையும் சேர்த்துப் பிடிக்கும் மூன்றாவது அகல வளையம், ஹைட்ராலிக் அழுத்தத்தில் முன்னும் பின்னும் நகரக்கூடியது. மூன்றாவது விலகினால் டரெட் சுழலும், வந்து கவ்வினால் மூன்றும் ஒரே இரும்பாகிவிடும். டரெட்டை வெளியே தூக்கவேண்டிய அவசியமில்லாததால் குளிர்நீரும் இரும்புச் சீவலும் உள்ளே புக வழியில்லை. பல்லின் எண்ணிக்கையையும் சும்மா தேர்ந்தெடுப்பதில்லை. 72ஐ எட்டாலும் வகுக்கலாம், பன்னிரண்டாலும் வகுக்கலாம்.

ஒரு பல்லைச் சற்று ஏறுமாறாக வெட்டிவிட்டால் என்ன ஆகும்? இங்கேதான் இந்தப் பூட்டின் சாமர்த்தியம். எல்லாப் பற்களும் ஒரே சமயத்தில் கவ்வுவதால், நகர்ந்து நிற்கும் இடம் எந்த ஒரு பல்லின் பிழையையும் சார்ந்ததல்ல. எல்லாப் பிழைகளின் சராசரிதான் அந்த இடம். அழுத்தத்தில் ஒவ்வொரு பல்லும் மைக்ரான் கணக்கில் வளைந்து கொடுத்து, அங்கங்கே இருக்கும் குறைகளைப் பங்கிட்டுக்கொள்ளும். பிழைகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்று கொண்டால் 72 பல்லில் அவை ஏறக்குறைய எட்டரை மடங்கு குறையும். அமெரிக்காவின் மூர் ஸ்பெஷல் டூல் நிறுவனம் இந்தத் தத்துவத்தை எல்லை வரை இழுத்துப் பார்த்தது. ஒரு வட்டில் 1440 பற்கள், ஆக ஒரு பல் நகர்வுக்கு கால் டிகிரி. அதன் கோணத் துல்லியம் விகலையில் பத்தில் ஒரு பங்கு. ஒரு விகலை என்பது டிகிரியில் 3600இல் ஒரு பங்கு. ஒரு மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் ஒரு விகலை கிட்டத்தட்ட 5 மைக்ரான் அகலம்தான், அதிலும் பத்தில் ஒரு பங்கு.

திரையில் உள்ள மாதிரி சொல்லாத சங்கதிகள் சில உண்டு. ஒன்று, அது கூர்மையாக இருக்கிறது. கூர் உச்சி கூர் பள்ளத்தில் முட்டினால் பக்கச் சரிவுகள் தொடாமலே போய்விடும். அதனால் உச்சியைக் கொஞ்சம் சீவிவிட்டு, பள்ளத்தின் அடியைச் சற்று ஆழமாக்கி வளைவு கொடுக்கவேண்டும். தொடுவது சரிவுகள் மட்டுமே. சீவும்போதும் நடுப்புள்ளி விதியை மறக்கக்கூடாது: உச்சியில் ஒரே அகலத்துக்குச் சீவினால் உள்விளிம்பில் பல்லே மிஞ்சாது.

இரண்டாவது, சரிவான பல் திருகும்போது எதிர்ப்பல்லை மேலே தள்ளும். 40 மி.மீ. சராசரி ஆரத்தில் 200 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை என்றால் பல்வரிசையின் மேல் பக்கவாட்டில் 5000 நியூட்டன் விழுகிறது. 60 டிகிரிப் பல்லில் அதன் 0.577 மடங்கு, அதாவது 2890 நியூட்டன் அளவுக்கு, வளையங்கள் விலகப் பார்க்கும். உராய்வு கொஞ்சம் உதவும் என்றாலும் அதை நம்பக்கூடாது. நடு போல்ட்டோ ஹைட்ராலிக்கோ அதைவிடக் கூடுதலாக இறுக்கிப் பிடித்தாக வேண்டும். மென்பொருளில் இரண்டு வளையங்களையும் 'மேட்' கொடுத்து ஒட்டவைத்தால் அவை விலகாது, ஏனென்றால் அங்கே விசையே இல்லை. லாரி கியர்பாக்ஸ்களில் வரும் டாக் கிளட்ச் பற்களில் பக்கங்களைச் செங்குத்தாகவோ சற்று உள்வாங்கியோ வெட்டுவது இதனால்தான். சுமை ஏற ஏற அவை ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். அவற்றுக்குத் துல்லியம் முக்கியமல்ல, ஓட்டத்தில் விழுந்து மாட்டவேண்டும். மிக்சி கப்ளர் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது.

ஈரோடு வட்டாரத்தில் பொறியியல் படிக்கும் மாணவர்களுக்கு, அதாவது பவானிக்குப் பக்கத்தில் சித்தோட்டில் இருக்கும் அரசு பொறியியல் கல்லூரியிலோ பெருந்துறையின் கொங்கு பொறியியல் கல்லூரியிலோ இருப்பவர்களுக்கு, இதைச் சோதிக்க விலையுயர்ந்த மெஷின் வேண்டியதில்லை. மேஜை மேல் வைக்கும் முப்பரிமாண அச்சுப்பொறி போதும். அதன் முனைத்துளை பெரும்பாலும் 0.4 மி.மீ., ஆகவே 72 பல்லெல்லாம் பேராசை. 100 மி.மீ. விட்டத்தில் 12 அல்லது 24 பல் போட்டு, ஒரு ஜோடியைத் தட்டை முகத்தோடும் இன்னொரு ஜோடியை நடுப்புள்ளி முறையிலும் அச்சிட்டால், விரலால் அசைத்துப் பார்த்தே வித்தியாசம் சொல்லிவிடலாம். முதல் ஜோடி உள்விளிம்பில் ஊன்றிக்கொண்டு ஆடும்.

இரும்பில் செய்கிறவர்களுக்கு இன்னும் பழைய சோதனையே கைகொடுக்கிறது. ஒரு வளையத்தின் பல்லில் நீல மையை மெல்லிசாகத் தடவி, மற்றதை மேலே வைத்து அழுத்தி எடுத்தால் தொட்ட இடமெல்லாம் நீலமாகத் தெரியும். நீலம் சரிவின் முழு நீளத்திலும் பரவியிருந்தால் மாதிரியும் வெட்டும் சரி. உள்ளோரத்தில் மட்டும் ஒரு கீற்று தெரிந்தால் வளையம் திரும்ப மாதிரி வரைந்தவரிடமே போகும், உச்சிக்கோடு எந்தப் புள்ளியில் முடிகிறது என்ற கேள்வியோடு.